புதுப்பிப்பு: மச்சானின் ஏ.ஆர்.டி. மாத்திரையும் கடல் தொழிலும்

பாம்பனில் விசைப்படகுக்குப் போகும் என் மச்சானுக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் மருந்து) தொடங்கியது, ராத்திரி தூக்கம் வராமல் தவிப்பது எல்லாம் முன்பு எழுதியிருந்தேன். மாத்திரையை நிறுத்தலாமா என்றும் கேட்டிருந்தேன். நிறுத்தவில்லை.

தூக்கம் கெட்டதற்கு அந்த மாத்திரையில் உள்ள டோலுடெக்ராவிர் என்ற மருந்து காரணமாக இருக்கலாம், காலையில் போடுங்கள் என்றார் டாக்டர். இப்போது படகு ஏறும் முன் போட்டுவிடுகிறார், நன்றாகத் தூங்குகிறார். மறுநாள்தான் கரை என்பதால் அடுத்த மாத்திரை தண்ணீர் புகாத டப்பாவில் கூடவே போகிறது.

அப்புறம், நெஞ்செரிச்சலுக்கு அவர் குடிக்கும் ஆன்டாசிட். அதிலுள்ள அலுமினியமும் மெக்னீசியமும் இந்த மருந்தை உடம்பில் சேரவிடாதாம். மாத்திரைக்கு 6 மணி நேரம் முன்போ, 2 மணி நேரம் கழித்தோதான் குடிக்க வேண்டும். தயவுசெய்து இதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

நிறுத்தினால் என்ன என்று கேட்டவர்களுக்கு: வைரஸ், நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களில் ஒன்றான சிடி4 செல்லுக்குள் புகுந்து, அதை வைத்தே பெருகி, அதையே அழிக்கிறது. சிடி4 எண்ணிக்கை 200க்குக் கீழே இறங்கினால் சாதாரணமாக வராத நோயெல்லாம் வரும். மருந்து பெருக்கத்தைத்தான் தடுக்கும். உறங்கும் செல்களில் ஒளிந்திருக்கும் வைரஸ், மருந்தை விட்டால் சில வாரங்களிலேயே மறுபடி தலைதூக்கும்.

அக்காவுக்குப் பரிசோதனையில் இல்லை என்று வந்துவிட்டது. மச்சானுக்கு ஆறாம் மாதம் வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்ற பரிசோதனை) பார்ப்பார்கள்.