மழைநீர் டிரம்மில் நாற்றமும் கூத்தாடிகளும்: எங்கே தவறு?

கூரைத்துளி (கேள்வி):

வணக்கம். எங்கள் வீட்டுச் சாய்வுக் கூரையின் வடிகுழாய்க்குக் கீழே 200 லிட்டர் கொள்ளும் வெள்ளைப் பிளாஸ்டிக் டிரம் ஒன்றை வைத்து, செடிகளுக்காக மழைநீர் பிடிக்கத் தொடங்கி இரண்டு மாதங்கள் ஆகின்றன. முதல் மழையிலேயே நிரம்பி வழிந்ததைக் கண்டு மகிழ்ந்தேன். மூன்றாவது வாரம் மூடியைத் திறந்தபோது தண்ணீர் பச்சை பிடித்து, அழுகிய இலையின் நாற்றம் அடித்தது. ஒரு குவளையில் மொண்டு பார்த்தால் கூத்தாடிகள் (கொசுப்புழுக்கள்) நெளிகின்றன. அடியிலுள்ள குழாயில் ரப்பர் டியூப் மாட்டினால் தண்ணீர் நூல்போல் வருகிறதே தவிர, தோட்டத்தின் மறுகோடிக்குப் போய்ச் சேர்வதில்லை. கூரைப் பரப்பு சுமார் 40 சதுர மீட்டர் இருக்கும். இன்னும் இரண்டு டிரம்களை வாங்கி இணைப்பதா, அல்லது முதலில் இதைச் சரிசெய்வதா? முறையாகப் பிடித்தால் இந்த நீரைக் குடிக்கவும் செய்யலாம் என்கிறார் நண்பர் ஒருவர். அது சரிதானா?

வடிகுழாய் (பதில்):

முதலில் இருப்பதைச் சரிசெய்யுங்கள், நண்பரே. வெள்ளை டிரம்முக்குள் வெளிச்சம் புகுவதால்தான் பாசி வளர்கிறது. வெளிப்புறம் கறுப்பு வண்ணம் பூசினாலோ தடித்த துணியால் சுற்றினாலோ பச்சை நிறம் பெருமளவு நின்றுவிடும். நாற்றத்துக்குக் காரணம் வேறு. மழையில்லாத நாட்களில் கூரையில் சேர்ந்த தூசி, சருகு, பறவை எச்சம் அனைத்தையும் முதல் தண்ணீர்தான் அடித்துக்கொண்டு வருகிறது. நீங்கள் அதையே சேமித்து வைத்திருக்கிறீர்கள்.

அந்த முதல் தண்ணீரை ஒதுக்குவதற்கு வடிகுழாயில் ஒரு கிளை எடுத்து, அடிப்பக்கம் மூடிய குழாய் ஒன்றைச் செங்குத்தாகத் தொங்கவிட வேண்டும். அழுக்கு நீர் முதலில் அதில் நிறைந்து, அதற்குப் பின் வருவதே டிரம்முக்குச் செல்லும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர் கிடைக்கும் என்பதால், முதல் அரை மில்லிமீட்டரை விலக்க உங்கள் கூரைக்கு 20 லிட்டர் இடம் தேவை. நான்கு அங்குலக் குழாய் மீட்டருக்கு ஏறக்குறைய 8 லிட்டர் கொள்ளும் என்பதால் இரண்டரை மீட்டர் நீளம் போதுமானது. அடைப்பில் ஊசித்துளை அளவுக்கு ஓர் ஓட்டை இட்டுவைத்தால், அடுத்த மழைக்குள் அது தானாகவே காலியாகிவிடும். நான் முதலில் துளை இடாமல் விட்டேன். இரண்டாவது மழையில் அந்தக் குழாய் ஏற்கெனவே நிறைந்திருந்ததால் பட்ட பாடெல்லாம் வீணானது.

தண்ணீர் மெதுவாக வருவது குழாயின் குறையன்று. ஒரு மீட்டர் உயர நீர் தருவது வெறும் 0.1 பார் அழுத்தமே. டிரம்மை அரை மீட்டர் உயரத்தில் ஏற்றினால் பூவாளியை அடியில் வைத்து நிரப்புவது எளிதாகும். தொலைவுக்கு வேண்டுமென்றால் சிறிய மோட்டார் இல்லாமல் ஆகாது. நிறைந்த டிரம் 200 கிலோவுக்கு மேல் எடை இருக்கும், ஆகவே பீடம் ஆடாமல் இருக்க வேண்டும். கூடுதல் டிரம் வாங்கினால் அடிப்பக்கமாக இணையுங்கள். மூன்றிலும் நீர்மட்டம் ஒன்றாக இருக்கும், ஒரே குழாய் போதும்.

ஈரமண் (பதில்):

மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன், அடியில் இணைக்கும் யோசனையைத் தவிர. ஓரிடத்தில் கசிந்தால் மூன்று டிரம்களும் ஒரே இரவில் காலியாகிவிடும். மேல்பக்கமாக இணைத்தால் வண்டல் முதல் டிரம்மிலேயே பெரும்பாலும் தங்கி, அடுத்தவற்றுக்குத் தெளிந்த நீர் போகும். ஒவ்வொன்றுக்கும் தனிக் குழாய் வைக்க வேண்டியிருப்பது ஒன்றே அதிலுள்ள தொல்லை. உங்கள் கூரைக்கு 6 மில்லிமீட்டர் மழையிலேயே, சிதறலும் ஆவியும் போக, 200 லிட்டர் வந்துவிடும். எத்தனை டிரம் வைத்தாலும் நல்ல மழையில் வழியத்தான் போகிறது. எனவே வழிந்தோடும் குழாய், உள்ளே வரும் குழாயைவிடச் சிறுத்துவிடாமல், அதன் நீர் சுவரடியில் இறங்காமல் தள்ளிப்போய் விழும்படி அமைந்திருப்பதே டிரம்களின் எண்ணிக்கையைவிட முக்கியம்.

கொசுவைப் பொறுத்தவரை, முட்டை கொசுவாவதற்கு வெப்பமான காலத்தில் பத்து நாட்களே போதும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உட்சுவரில் முட்டையை ஒட்டிவைக்கிறது. அது காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். எனவே தண்ணீரைக் கொட்டிவிட்டு அலசினால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு திறப்புகள் எல்லாவற்றிலும் ஒரு மில்லிமீட்டருக்கு மேற்படாத கண்ணுள்ள வலையை இறுகக் கட்டுங்கள்.

குடிப்பது வேண்டாம். கொதிக்கவைத்தால் கிருமிகள் சாகும். ஆனால், சற்றே அமிலத்தன்மை கொண்ட மழைநீர் கூரைத் தகட்டிலிருந்தும் பழைய வண்ணப்பூச்சிலிருந்தும் கரைத்துவரும் ஈயமும் துத்தநாகமும் கொதியில் போகா. செடிகளுக்கும் தரை கழுவவும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

கூரைத்துளி:

இருவருக்கும் நன்றி. இன்று காலை டிரம்மைக் கவிழ்த்தேன். அடியில் நான்கு விரற்கடை உயரத்துக்குக் கறுத்த இலைக்குழம்பு படிந்திருந்தது, தண்ணீர்க் குழாயின் வாய் சரியாக அதற்குள்தான் புதைந்திருந்தது. மூடியில் வலை கட்டியும் கொசு எப்படி வந்தது என்று குழம்பிக்கொண்டிருந்தேன். வழிந்தோடும் குழாயின் வெளிமுனை இத்தனை நாளும் திறந்தே கிடந்திருக்கிறது. அதற்கு வலை கட்டிவிட்டேன். தண்ணீர்க் குழாயை அடியிலிருந்து ஒரு சாண் உயர்த்தி வேறு துளையில் பொருத்தப் போகிறேன். புதிய டிரம் இப்போதைக்கு வேண்டாம்.