கட்டை கவ்விக் காற்று இழுக்கும் குதிரைக்கு எந்தத் தீனித்தொட்டி?

கடலோரக் கொட்டில்:
தேவிபட்டினம் பக்கம். வண்டிக் குதிரை, 7 வயது, 300 கிலோ இருக்கும். கொட்டில் 10க்கு 12 அடி, பனஞ்சட்டம் அடித்தது, மணல் தரை. மரத்தொட்டி விளிம்பில் முன்பல்லை ஊன்றி, கழுத்தை வளைத்து, சத்தத்தோடு காற்று இழுக்கிறது. விளிம்பு தேய்ந்து பள்ளமாகிவிட்டது. சிமெண்ட் தொட்டி கட்டலாமா, கம்பி ராக்கா, வலைப்பையா? தீனி வைக்கோல், வெட்டிய சோளத்தட்டை, இரண்டு வேளை கொள்ளு.

லாடம்:
சிமெண்ட் வேண்டவே வேண்டாம். இப்போது மரம் தேய்கிறது, அப்புறம் பல் தேயும். முன்பல் குட்டையாகிவிட்டால் புல்லைக் கடித்து இழுக்கவே வராது.

நெஞ்சு உயரத்தில் அசையாத விளிம்பு எது கிடைத்தாலும் கவ்வும். கம்பி ராக்கும் அப்படித்தான். போதாததற்குத் தூசி கண்ணிலும் மூக்கிலும் கொட்டும், உப்புக்காற்றில் வெல்டு வைத்த இடம் முதலில் துருப்பிடித்து முள்ளாக நிற்கும்.

வலைப்பைதான் சரி. தொங்குவதால் பல்லுக்குப் பிடி கிடைக்காது. வலைக்கண் 4 செ.மீ. இருக்கட்டும், இன்னும் சிறிதானால் எரிச்சலில் வலையையே பிய்க்கும். நிரம்பிய பையின் வாய் குதிரையின் கண் மட்டத்துக்கு வரட்டும். காலியானதும் பை தொங்கி இறங்கும், ஆபத்து அப்போதுதான்: லாடத்தின் ஓரம் கண்ணியில் மாட்டினால் கால் போச்சு. அதனால் வாய்க்கயிற்றை அடிக்கண்ணியில் நுழைத்து மேலே இழுத்துக் கட்டுங்கள். நேராக வளையத்தில் கட்டாமல், வளையத்தில் ஒரு சுற்றுச் சணல் கயிறு போட்டு அதில் கட்டுங்கள். குதிரை திமிறினால் அது அறுந்துவிடும். வளையம், படகுக்கு வாங்கும் 316 எஸ்எஸ் (துருவைத் தாங்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்).

மணல்மேடு:
வலை சரி அண்ணே, ஆனால் வெட்டிய தட்டை அதில் நிற்காதே, எல்லாம் கீழே கொட்டும். தட்டைக்குத் தாழ்வான ரப்பர் தொட்டியைத் தரையில் சும்மா வையுங்கள். கட்டிவைக்க வேண்டாம், நகர்ந்தால்தான் கவ்வ முடியாது. தலையைத் தாழ்த்தித் தின்பது மூச்சுக்கும் நல்லது.

தொட்டிக்கும் வலைக்கும் அடியில் மாட்டுக்கு விரிக்கும் ரப்பர் மேட் கட்டாயம். இந்தத் தரையில் சிந்தியதைப் பொறுக்கினால் மணலும் சேர்ந்து குடலில் தங்கி வயிற்றுவலி வரும். ஆறு சாண உருண்டையைக் கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் விட்டுக் கரைத்து, கால் மணி நேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள். அடியில் ஒரு தேக்கரண்டி மணல் படிந்தால் கால்நடை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கொள்ளுப்பை:
தொட்டி மாற்றினால் பழக்கம் போய்விடாது, பனஞ்சட்டத்துக்கு மாறும். குறுக்குச் சட்டங்களை வெளிப்பக்கம் அடித்து, உள்பக்கம் செங்குத்தாகப் பலகை வையுங்கள். பனஞ்சிராம்பு ஈறில் ஏறினால் சீழ்தான்.

கொள்ளு தின்று முடித்ததும்தான் அதிகம் இழுக்கும், கவனியுங்கள். முதலில் புல், அரை மணி கழித்துக் கொள்ளு, அதுவும் அதே அளவை மூன்று நான்கு வேளையாகப் பிரித்து. 300 கிலோவுக்கு நாளைக்கு 5, 6 கிலோ காய்ந்த தீனி போகவேண்டும். வலை ராத்திரி முழுக்கக் காலியாகக் கிடந்தால் எந்த வலை வாங்கியும் பிரயோஜனமில்லை. வைக்கோலை மட்டும் நம்பினால் குடல் அடைக்கும். காய்ந்த கொழுக்கட்டைப் புல் கிடைத்தால் பாதிக்குப் பாதி கலந்து கொடுங்கள். காற்று இழுக்கும் குதிரைக்குக் குடல் சிக்கும் வயிற்றுவலி மற்றவற்றைவிட அதிகம். படுத்துப் புரண்டாலோ, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

கடலோரக் கொட்டில்:
பழைய மீன்வலை சும்மாவே கிடக்கிறது, அதைப் பையாகத் தைக்கலாமா?

லாடம்:
ஒற்றை நைலான் இழையில் பின்னிய நரம்பு வலை கூடாது, உதட்டையும் நாக்கையும் அறுக்கும். 4 மி.மீ. பின்னல் நைலான் கயிறு வாங்கி, வலை முடிகிறவரிடம் கொடுத்தால் போட்டுத் தருவார். முடிச்சை நன்றாக இறுக்கச் சொல்லுங்கள், நழுவினால் வலைக்கண் பெரிதாகி மூக்கு உள்ளே போகும்.