மறு: விழுந்து கிடக்கும் போர் விண்கப்பலுக்கு என்ன சொல்?

அனைவருக்கும் வணக்கம்.

ஹேலோ வீடியோ விளையாட்டில் வரும் பில்லர் ஆஃப் ஆட்டம் (Pillar of Autumn) என்ற போர் விண்கப்பல் பற்றிய கட்டுரையில், அது விழுந்து கிடக்கும் நிலையைக் குறிக்க இதுவரை மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன: விண்கலச் சிதைவு, விபத்துக்குள்ளான விண்கலம், வீழ்கலம். மூன்றிலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது.

> சிதைவு என்றே வைக்கலாம், எல்லோருக்கும் புரியும்.

புரியும்தான். ஆனால் சிதைவு என்றால் துண்டு துண்டாகச் சிதறிக் கிடப்பது. இந்தக் கப்பல் அப்படிக் கிடக்கவில்லை. 2001இல் வந்த முதல் விளையாட்டின் கடைசிக் கட்டமே இதற்குள்தான் நடக்கிறது. அதன் அணுக்கரு இணைவு எஞ்சின்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அவற்றை வெடிக்க வைத்து, கப்பல் விழுந்து கிடக்கும் வளைய உலகையே அழிப்பதுதான் கதாநாயக வீரன் மாஸ்டர் சீஃபும் அவனுக்குத் துணையான செயற்கை நுண்ணறிவு கார்ட்டானாவும் போடும் திட்டம். உள்ளே நடமாடலாம், சண்டை போடலாம், எஞ்சின் வரை போகலாம், அப்புறம் கடிகாரம் ஓட ஓட அதே கப்பலுக்குள் வார்ட்ஹாக் வண்டியை விரட்டித் தப்பலாம். இதற்குச் சிதைவு என்று பெயர் வைத்தால், எஞ்சின் எப்படி வேலை செய்கிறது என்று வாசகர் கேட்பார்.

விபத்து என்பதும் பொருந்தாது. எதிரி முற்றுகையில் தப்ப வழியில்லாத நிலையில் கேப்டன் கீஸ் கப்பலை வளையத்தில் இறக்குவதென்று முடிவெடுக்கிறார். கார்ட்டானா எதிரியின் கையில் சிக்கக்கூடாது என்பதற்காக, அவளை மாஸ்டர் சீஃபிடம் கொடுத்து முன்கூட்டியே உயிர்காப்புப் படகில் அனுப்பிவிடுகிறார். தெரிந்தே செய்த செயல் இது. வீழ்கலம் ஓசையில் அழகு, ஆனால் வீழ்தலில் தோல்வியின் சாயல் இருக்கிறது. கீஸின் முடிவுக்கு அது நியாயமில்லை.

அடிப்படையில், இதை விண்கலம் என்பதைவிட விண்கப்பல் என்பதே சரி. வாயேஜர், சந்திரயான் எல்லாம் நமக்கு விண்கலங்கள். கதைப்படி பில்லர் ஆஃப் ஆட்டம் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள போர்க்கப்பல். கேப்டன், மேல்தளம், உயிர்காப்புப் படகு என்று அதற்குள் புழங்கும் பேச்சு முழுக்கக் கடற்படைப் பேச்சு. அதனால் சொல்லையும் கடலிலிருந்தே எடுக்கலாம். கப்பலின் பிரிட்ஜைப் பாலம் என்று யாரும் எழுதிவிடாதீர்கள், கட்டளைத் தளம் போதும்.

நிகழ்வுக்குத் தரைதட்டல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் எவர் கிவன் சரக்குக் கப்பல் தரைதட்டியது என்றுதான் செய்திகளில் படித்தோம். கீஸ் கப்பலைத் தரைதட்டச் செய்தார் என்று எழுதினால், அது தானாக நடக்கவில்லை என்பதும் வினையிலேயே வந்துவிடும். ஆனால் எவர் கிவன் ஆறு நாளில் மீண்டும் மிதந்தது. இந்தக் கப்பல் இனி எழப்போவதில்லை. ஆகவே தரைதட்டல் நிகழ்வுக்கு மட்டும்தான், கிடக்கும் நிலைக்கு வேறு சொல் வேண்டும்.

அதற்கு என் பரிந்துரை உடைகலம். புதிதாகச் செய்த சொல் இல்லை. மணிமேகலையில் சாதுவன் கதை வருமே, அவன் ஏறிய கப்பல் கடலில் கெட்டதைச் சொல்லும் இடத்தில் ‘உடைகலம்’ என்ற சொல்லே இருக்கிறது. கப்பல் என்ற பொருளில் கலம் அங்கே இயல்பாக நிற்கிறது. விண் சேர்த்து விண் உடைகலம் என்றும் சொல்லலாம், ஆனால் இடம் தெளிவாக இருக்கும்போது உடைகலம் மட்டுமே போதும்.

ஒரு மறுப்பு வரும் என்று தெரியும். உடைகலம் வினைத்தொகை, உடைந்த கலம், உடைகின்ற கலம், உடையும் கலம் மூன்றையும் குறிக்கும். 2010இல் வந்த ஹேலோ: ரீச்சில் இதே கப்பல் ஒரு கப்பல் உடைக்கும் தளத்தில்தான் நிற்கிறது. அங்கே குழப்பம் வராதா? வராது என்றே நினைக்கிறேன். பழைய கப்பலை ஆட்கள் பிரித்தெடுக்கும் தொழிலுக்குக் கப்பல் உடைப்பு என்ற தனிச்சொல் புழக்கத்தில் இருக்கிறது, அதை அப்படியே விட்டுவிடலாம்.

வேறொரு விளையாட்டிலும் பொருத்திப் பார்த்தேன். சப்னாட்டிகாவில் வரும் அரோரா என்ற விண்கப்பல் போர்க்கப்பல் அல்ல, வேற்றுலகப் பீரங்கியால் சுடப்பட்டுக் கடலில் விழுகிறது. அங்கே தரைதட்டல் ஒத்துவராது, சுட்டு வீழ்த்தப்பட்டது என்றே எழுத வேண்டும். ஆனால் பாதி மூழ்கி, கதிரியக்கம் கசியக் கிடக்கும் அந்தப் பெரிய உடலுக்கு உடைகலம் அப்படியே பொருந்துகிறது. நிகழ்வுக்கும் நிலைக்கும் தனித்தனிச் சொல் வைப்பதில் இதுதான் லாபம்.

கப்பல் வகையான லைட் குரூசருக்கு இப்போதைக்கு இலகுரகப் போர்க்கப்பல் என்று போட்டிருக்கிறேன். முன்பகுதிக்கு மீனவர் வழக்கிலுள்ள அணியம் எடுத்தாயிற்று. பின்பகுதிக்கு உங்கள் ஊர்க் கடற்கரையில் என்ன சொல்கிறார்கள் என்று எழுதுங்கள், எஞ்சின் அறை பற்றிய பத்தி அதற்காகத்தான் காத்திருக்கிறது.