சூரை மீன் வாங்கியபோதும் சமைத்தபோதும் உங்களுக்கு நேர்ந்தவற்றை எழுதுங்கள்

காசிமேட்டுப் பக்கம்:
ஏழு ஆண்டுகள் ஆகியும் அந்த ஒரு வாய் என் நினைவை விட்டுப் போகவில்லை. முற்பகல் வெயிலில், ஐஸ் இல்லாத பலகையிலிருந்து வாங்கி வந்த சூரையைக் குழம்பு வைத்திருந்தேன். நாற்றம் இல்லை, சதையும் சிவப்பாகவே இருந்தது. குழம்பில் மிளகே சேர்க்கவில்லை. ஆனாலும் முதல் துண்டை வாயில் வைத்ததும் மிளகைக் கடித்தாற்போல நாக்கு நுனி சுருக்கென்றது. புளி கூடிவிட்டது என்று எண்ணி, மாமியாருக்கு இன்னொரு துண்டு எடுத்து வைத்தேன். அரை மணி நேரத்துக்குள் எங்கள் இருவருக்கும் முகமும் கழுத்தும் செக்கச் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடத்தது. மருத்துவமனையில் மீன் ஒவ்வாமை என்று எழுதிக் கொடுத்தார்கள். அதை நம்பி இரண்டு ஆண்டுகள் வீட்டில் மீனே வாங்கவில்லை. இரண்டு பேருக்கு ஒரே வேளையில் எப்படிப் புதிதாக ஒவ்வாமை வந்தது என்று நானும் கேட்கவில்லை.

குமரிக்கரை:
சகோதரி, அது ஒவ்வாமையாக இல்லாமல், மீன் கெடும்போது அதன் சதையில் உருவாகும் ஹிஸ்டமின் நஞ்சாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் என் சித்தப்பா, நாங்கள் கேரை என்று சொல்லும் பெரிய சூரை ஒன்றின் வயிற்றுக்குள் கையை விட்டுப் பார்த்தார். மேலே ஐஸ் குவிந்து கிடந்தும் உள்ளே வெதுவெதுப்பாக இருந்ததால் வேண்டாம் என்று நகர்ந்துவிட்டார். அந்தச் சூட்டை நானும் தொட்டுப் பார்த்தேன்.

சூரையின் உடல் கடல்நீரைவிடச் சூடானது, தூண்டிலில் போராடும்போது அந்தச் சூடு இன்னும் ஏறும். பிடித்தவுடன் குளிர்விக்காமல் விட்டால், அதன் சதையில் மிகுதியாக உள்ள ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலத்தைப் பாக்டீரியாக்கள் ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அப்படி உருவானது கொதிக்க வைத்தாலும் போகாது, உறைய வைத்தாலும் போகாது. கானாங்கெளுத்தியிலும் மத்தியிலும்கூட இது நேரும். ஆகவே சந்தைக்குப் போகும்போது ஐஸ் போட்ட பெட்டியைக் கொண்டுபோங்கள், வீட்டில் 4 டிகிரிக்கு மேல் போகாமல் வைத்து அன்றே சமைத்துவிடுங்கள். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். கார்பன் மோனாக்சைடு ஏற்றிய துண்டு பழசானாலும் சிவப்பு மாறாமல் இருக்கும். முழு மீனைக் கண்முன் வெட்டச் சொல்லி வாங்குங்கள், நடுவில் ஓடும் கறுப்புச் சதையை எறிந்துவிடுங்கள்.

மண்சட்டி:
மற்றவை எல்லாம் சரி. கறுப்புச் சதையை எறியச் சொல்வதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ஹிஸ்டமின் அந்த ஒரு பகுதியில் மட்டும் உருவாவதில்லை, எனவே அதை வெட்டி எறிவதால் கெட்ட மீன் நல்லதாகிவிடாது. நல்ல மீனில் அதை எறிவது வீண். உப்பும் மஞ்சளும் பிசறிக் கழுவி, குடம்புளியும் நசுக்கிய பூண்டும் போட்டு மண்சட்டியில் வற்ற வைத்தால், மறுநாள் காலையில் அதைத்தான் எங்கள் வீட்டில் முதலில் தேடுவார்கள்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. அப்பா மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்று, அவருக்காகவே நடுத்துண்டாகப் பார்த்து வாங்கி, வஞ்சிரத்தைவிடக் கெட்டிச் சதை என்று நினைத்து இருபது நிமிடம் கொதிக்க விட்டேன். துண்டு வெளுத்து, நார் நாராகப் பிரிந்து, தொண்டையில் இறங்க மறுத்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் அதைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, குழம்பை மட்டும் பிசைந்து உண்டார். இப்போது குழம்பு முழுதாகக் கொதித்து எண்ணெய் பிரிந்த பிறகே துண்டுகளைப் போடுகிறேன், ஏழெட்டு நிமிடத்தில் அடுப்பை அணைத்துவிடுகிறேன்.

காசிமேட்டுப் பக்கம்:
குமரிக்கரை அண்ணா, நீங்கள் சொன்னதையே பிறகு வேறொரு மருத்துவரும் சொன்னார். அதன்பின்தான் மறுபடி மீன் வாங்கத் தொடங்கினேன். இன்றும் சூரை வைத்தால் முதல் துணுக்கை நானே நாக்கு நுனியில் சற்று நேரம் வைத்திருப்பேன். சுருக்கென்று இல்லாத பிறகுதான் மாமியார் தட்டுக்குக் கரண்டி போகும்.