புதுப்பிப்பு: தாள் சுற்றத் தேவையில்லாத மடிப்புப் பெட்டி

தேயிலைத்தூள் பரிசளிக்க நான் வடிவமைக்கும் பெட்டியில், மடிக்கும் இடமெல்லாம் அச்சு மை வெடிக்கிறது என்று முன்பு எழுதியிருந்தேன். காரணம் அட்டையின் நார். நார் ஓடும் வாக்கில் மடித்தால் அழகாகப் படிகிறது, குறுக்கே மடித்தால் பிளக்கிறது. பெட்டி என்றால் இரண்டு வாக்கிலும் மடிப்பு வருமே! நீள மடிப்புகளை நார்வாக்கில் வைத்துவிட்டு, குறுக்கு மடிப்புகளில் மை தீர்ந்த பேனாவால் அழுத்திக் கோடு இழுத்தேன். பள்ளம் விழுந்த பக்கம் வெளியே வரவேண்டும், அதுதான் சூட்சுமம்.

ரிப்பன் கட்டச் சொன்ன அக்காவுக்கு: மூடியின் நான்கு இதழ்களும் ஒன்றுக்குள் ஒன்று செருகிப் பூவாக நிற்கின்றன, ரிப்பன் அதை மறைத்துவிடும். அடியிலும் பசை கிடையாது.

இலங்கை மலையகத்து ஹட்டன் மழைக்கு அட்டை ஈரம் இழுக்கத்தான் செய்கிறது. விற்கும்வரை தட்டையாக, பொலித்தீன் பையில்.