377-ஐ எழுதியது யார்?

ஒற்றைக்கொம்பன்:
"தன்பாலீர்ப்பாளர்களுக்கு உரிமை வந்தது தாராளவாதத் தத்துவத்தாலும் நீதிமன்றத்தாலும்தான், தெருவில் கொடி பிடித்ததால் இல்லை" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதிவிட்டுப் போயிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ஐயா, அந்த உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டப் பிரிவு 377-ஐ எழுதியதே ஒரு தாராளவாதிதான், பிரிட்டிஷ் ஆட்சியில் சட்டம் வரைந்த மெக்காலே. தீ வைத்தவனே வாளியோடு வந்தால் மாலை போட வேண்டுமா?

பழைய வக்கீல்:
அந்த "ஒருவர்" நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். மெக்காலே 377-ஐ எழுதவில்லை. 1837-இல் அவர் கொடுத்த தண்டனைச் சட்ட வரைவில் இருந்தவை 361, 362 என்ற பிரிவுகள், வாசகமே வேறு. தண்டனைச் சட்டம் நிறைவேறியது 1860 அக்டோபரில், மனிதர் 1859 டிசம்பரிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். சம்மதத்தோடான உறவு குற்றமில்லை என்று சொன்ன 2009 நாஸ் தீர்ப்பும் (டெல்லி உயர் நீதிமன்றம்) 2018 நவ்தேஜ் தீர்ப்பும் (உச்ச நீதிமன்றம்) நிற்பது தனிமனிதச் சுதந்திரம், அந்தரங்கம் என்ற தரையில். அது ஆங்கிலேயத் தாராளவாதத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் போட்ட பாதை.

கோடைமழை:
2009-க்கும் 2018-க்கும் நடுவில் 2013 என்று ஒரு வருடம் வந்ததே, வக்கீல் சார்? டெல்லி உயர் நீதிமன்றம் கொடுத்ததை உச்ச நீதிமன்றம் பிடுங்கிக்கொண்டது, இவர்கள் மிகச் சிறிய கூட்டம்தானே என்று வேறு சொன்னது. அதே அரசியல் சட்டம்தான். தத்துவம் அப்போது லீவில் இருந்ததா? 2001-இல் லக்னோவில் எய்ட்ஸ் தடுப்பு வேலை செய்தவர்களை இதே 377-ஐக் காட்டி வாரக்கணக்கில் உள்ளே வைத்தார்கள். அவர்கள் மாதிரி ஆட்கள் அடிபட்டு, அமைப்பு கட்டி, வழக்கு போட்டிருக்காவிட்டால் நீதிபதி எதன் மேல் தீர்ப்பு எழுதியிருப்பார்?

பழைய வக்கீல்:
2013-க்கு வருகிறேன், முதலில் மெக்காலே முடியட்டும். அவர் எழுதியது 377 இல்லை. தெரு, மக்கள் என்கிறீர்களே, அந்த மக்கள் அனுப்பிய மக்களவை என்ன செய்தது? 2015-இல் 377-ஐத் திருத்த வந்த தனிநபர் மசோதாவை அறிமுகம் செய்யக்கூட விடாமல் 71-க்கு 24 என்று தோற்கடித்தது. கோர்ட் இல்லாவிட்டால் 2018-க்குப் பிறகும் 377 அப்படியே இருந்திருக்கும்.

ஒற்றைக்கொம்பன்:
361-ம் 362-ம் என்ன, பூஜை செய்யச் சொன்ன பிரிவுகளா? சம்மதத்தோடு இருந்தவர்களுக்கும் அதில் தண்டனை உண்டு. உங்கள் மில் 1858 வரை கிழக்கிந்தியக் கம்பெனிச் சம்பளக்காரர், அதையும் கொஞ்சம் சேர்த்துச் சொல்லுங்கள்.

பழைய வக்கீல்:
சம்பளம் வாங்கினால் சிந்திக்கக் கூடாதா? நீங்கள் வாங்குவதில்லையா? மில்லுக்கும் முந்தைய ஆங்கிலேயத் தத்துவவாதி பென்தம் 1785 வாக்கிலேயே தன்பாலுறவைக் குற்றமாக்கக் கூடாது என்று எழுதிவிட்டார்.

கோடைமழை:
எழுதி, பயந்து, பெட்டியில் பூட்டினார். அது அச்சானது 1978-இல். அதற்குள் தெருவில் எத்தனை ஊர்வலம் போய்விட்டது!

நடுநிசி:
அதை விடுங்கள், "தன்பாலீர்ப்பாளர்" என்று யார் பேசுகிறார்கள்? வாயில் நுழைகிற சொல்லே கிடைக்கவில்லையா?

கோடைமழை:
நேற்றுவரை வசைச்சொல் மட்டும் நன்றாக நுழைந்ததே. இந்தச் சொல் நுழையும்வரை பழகுங்கள். வக்கீல் சார், 2013-க்கு வருவதாகச் சொன்னீர்கள், காத்திருக்கிறேன். 2023-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள், திருமணம் கேட்டுப் போனவர்களை நாடாளுமன்றத்தைப் பாருங்கள் என்று திருப்பி அனுப்பியதும் உங்கள் கோர்ட்தான்.

பழைய வக்கீல்:
அது அதிகாரப் பகிர்வு விஷயம், தனியாகப் பேச வேண்டியது. ஒற்றைக்கொம்பன், 1837 வரைவை நீங்கள் படித்திருக்கிறீர்களா? ஆம் அல்லது இல்லை, அவ்வளவுதான்.

ஒற்றைக்கொம்பன்:
குறுக்கு விசாரணையை எல்லாம் கோர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். போன மாதம் இட ஒதுக்கீட்டுச் சண்டையிலும் இப்படித்தான் ஒரு தேதியைப் பிடித்துத் தொங்கினீர்கள்.

பழைய வக்கீல்:
அந்தத் தேதியும் சரியாகத்தான் இருந்தது. அப்போ, படிக்கவில்லை. 361, 362.