வேலை நாளில தேவனுக்கு முதலிடம் குடுக்கிறது எப்பிடி?

மானிப்பாய்_வாசகி கேட்டது:
தேவனில முழு இருதயத்தோடயும் அன்பு கூரச் சொல்லுற மத்தேயு 22:37 தெரியாத கிறிஸ்தவர் இல்லை. ஆனால் ஒரு வேலை நாளில அது எப்பிடி இருக்கும்? விடியச் சமையல், பிள்ளையளைப் பள்ளிக்கூடம் அனுப்பிறது, கந்தோர், பின்னேரம் ரியூசனுக்கு ஏத்தி இறக்கிறது. அதுக்கு மேல ஞாயிறு பாடசாலை, பாடகர் குழு, பெண்கள் ஐக்கியம். ஊழியம் கூடினால் அன்பும் கூடுமோ? தேவனை முதல் நேசிக்கிறது எண்டால் பிள்ளையளில உள்ள அன்பைக் குறைக்கிறதோ? செய்யக்கூடியதாச் சொல்லுங்கோ.

உடுவில்_உபதேசி:
தங்கச்சி, ஊழியம் கூடினால் அன்பு தானாகக் கூடாது. வெளிப்படுத்தின விசேஷம் 2-ல எபேசு சபையைப் பாருங்கோ. கிரியை, பிரயாசம், பொறுமை மூண்டும் அவையிட்ட இருந்தது, கள்ள அப்போஸ்தலரையும் சோதிச்சுக் கண்டுபிடிச்சவை. அதுக்குப் பிறகுதான் நாலாம் வசனம்: "நீ ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டாய்." சோம்பேறிச் சபைக்குச் சொன்னதில்லை, ஓடி ஓடி உழைச்ச சபைக்குச் சொன்னது. அதால மூண்டு பொறுப்பில ஒண்டை விடுங்கோ. இடைநடுவில விடாமல் வருடாந்தக் கூட்டத்துக்கு முன்னமே அறிவிச்சு, பொறுப்பெடுக்கிற ஆளுக்குப் பழக்கி விடுங்கோ.

பிறகு விடியக் கால் மணித்தியாலம். போன் வேற அறையில இருக்கட்டும். வசனம் வாசிக்கவெண்டு அதைத் திறந்தாலும் முதல் கண்ணில படுறது வட்ஸ்அப்தான், எனவே அச்சடிச்ச வேதாகமமே நல்லது. முதல் சில நிமிஷம் ஸ்தோத்திரம் மட்டும், விண்ணப்பம் வேண்டாம். கர்த்தருடைய ஜெபத்தின்ர ஒழுங்கைக் கவனியுங்கோ. அவருடைய நாமம், ராஜ்யம், சித்தம் மூண்டும் முதல் வருது, அப்பம் நாலாவதுதான். எங்கட ஜெபம் விசாவிலயும் சோதினையிலயும் தொடங்கி அங்கயே முடிஞ்சால், நாளின்ர மிச்ச நேரமும் அதே ஒழுங்கில்தான் போகும்.

வாசிக்கிறதுக்கு மாற்கு நல்லது. 16 அதிகாரம், நாளுக்கு அரை அதிகாரமெண்டால் 32 நாள். சத்தமா வாசியுங்கோ, ஒரு வசனத்தைத் துண்டில எழுதிக் குசினியில ஒட்டுங்கோ. கனபேர் ஜனவரியில முழு வேதாகமத்தையும் ஒரு வருஷத்தில முடிக்கத் தொடங்குவினம். 1189 அதிகாரம், நாளுக்கு மூண்டு நாலு வரும். லேவியராகமத்தில களைச்சு, விட்டதைச் சேத்து வாசிக்கப் பாத்து, கடைசியில எல்லாத்தையும் நிப்பாட்டுவினம். தவறின நாளைத் திருப்பிப் பிடிக்க வேண்டாம், அண்டைய பகுதியை மட்டும் வாசியுங்கோ.

குருநகர்_செபமாலை:
அக்கா, விடியக் கால் மணித்தியாலம் சரிதான். ஆனால் மிச்ச நாள்? இணைச்சட்டம் (உங்கட வேதாகமத்தில உபாகமம்) 6:7 கடவுளின்ர வார்த்தையைப் பற்றிக் கதைக்க நாலு வேளையைச் சொல்லுது: வீட்டில இருக்கேக்க, வழியில போகேக்க, படுக்கேக்க, எழும்பேக்க. ஒவ்வொண்டிலும் சின்னதா ஒண்டைக் கட்டி விடுங்கோ. நாங்கள் கத்தோலிக்கர் காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறுக்கு மூவேளைச் செபம் சொல்லுறனாங்கள், ரண்டு மூண்டு நிமிஷம் காணும். நீங்கள் அந்த நேரத்துக்கு ஒரு சங்கீத வரி வைக்கலாம். ரியூசன் வாசலில காத்து நிக்கிற நேரமும் நல்ல நேரம்.

இரவில புனித இஞ்ஞாசியார் சொல்லித் தந்த ஆன்ம சோதனை செய்யுங்கோ. முதல் நன்றி, பிறகு ஒளி கேக்கிறது, பிறகு அண்டைய நாளைத் திருப்பிப் பாக்கிறது, மன்னிப்பு, நாளைக்கு ஒரு தீர்மானம். பத்து நிமிஷத்துக்கு மேல போக வேண்டாம். பிழையளை மட்டும் பாக்கிறதெண்டால் ஒரு கிழமையிலேயே மனம் சோரும், அதாலதான் நன்றி முதல்.

குடும்பச் செபத்தைச் சாப்பாட்டுக்கு முன்னம் வையுங்கோ. சாப்பிட்ட பிறகு பிள்ளையள் முழங்காலிலேயே நித்திரை, அதுக்கு ஏச்சும் விழும். ஏச்சோட முடியிற செபத்தைப் பிள்ளை வெறுக்கத்தான் செய்யும். சின்னப் பிள்ளையளோட முழுச் செபமாலை வேண்டாம், அதில பத்து மணியளை மட்டும் உருட்டிச் சொன்னால் காணும்.

பிள்ளையளில அன்பு குறைய வேண்டியதில்லை. பெற்றாருக்குச் செய்ய வேண்டியதைக் "கொர்பான்" எண்டு காணிக்கையாக்கித் தப்பினவையை மாற்கு 7-ல இயேசு கண்டிச்சவர். பாடகர் குழுவுக்காகக் காய்ச்சலில கிடக்கிற பிள்ளையை விட்டுட்டுப் போறது முதலிடம் இல்லை. அதே நேரம், பிள்ளையின்ர பெறுபேறு பிழைச்சால் கடவுளோடயே கோவிச்சுக் கோயிலுக்குப் போகாமல் விடுறமெண்டால், ஒழுங்கு தலைகீழா இருக்குது எண்டு தெரியும்.

சுன்னாகம்_பொருளாளர்:
காசைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. 1 கொரிந்தியர் 16:2-ல பவுல் வாரத்தின்ர முதல் நாளில, அவரவர் வரவுக்குத் தக்கதா எடுத்து வைக்கச் சொல்லுறார். சம்பளம் வந்த அண்டே, சீட்டுக் காசுக்கும் கடனுக்கும் முன்னம், உறையில போட்டு வையுங்கோ. மாத முடிவில மிஞ்சினதைக் குடுக்க நினைச்சால் மிஞ்சவே மிஞ்சாது. 60,000 ரூபா சம்பளத்துக்குத் தசமபாகம் 6,000. உடனே ஏலாதெண்டால் 3,000-ல தொடங்கி வருஷா வருஷம் கூட்டுங்கோ. கடன் வாங்கிக் குடுக்க வேண்டாம், கணவரிட்ட மறைச்சும் குடுக்க வேண்டாம்.

ஞாயிறு காலை ரியூசன் வகுப்பைத் தவணைத் தொடக்கத்திலேயே ஆசிரியரோட கதைச்சு வேற குழுவுக்கு மாத்துங்கோ. சோதினை மாதத்தில கேட்டால் ஒருத்தரும் மாத்த மாட்டினம், பிள்ளையும் பயப்படும்.

இன்னொண்டு, எங்கட ஊரில எனக்கு மிகவும் நோகிறது. வேலி எல்லைக்கும் சீதனக் காணிக்கும் சகோதரங்கள் வருஷக்கணக்காக் கதைக்காமல் இருந்துகொண்டு ஒரே திருவிருந்தில பங்கெடுக்கினம். மத்தேயு 5:24 காணிக்கையைப் பலிபீடத்துக்கு முன்னாலேயே வைச்சுட்டு முதல் ஒப்புரவாகச் சொல்லுது. வழக்கு நடக்கட்டும், ஆனால் தெருவில கண்டால் "சுகமோ" எண்டு கேக்கிறதை எந்த வழக்கும் தடுக்காது. ஒரு பொது ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கோ. முதல் நாளே காணிக் கதை எடுக்காதேங்கோ, எடுத்தால் பழைய சண்டை அப்பிடியே திரும்பத் தொடங்கும்.

மானிப்பாய்_வாசகி:
மூண்டு பேருக்கும் நன்றி. ஒண்டு மட்டும். ஒரு உணர்வும் இல்லாமல் ஜெபிச்சால் அது மாய்மாலம் இல்லையோ?

உடுவில்_உபதேசி:
இல்லை தங்கச்சி. இல்லாததை இருக்கிற மாதிரி ஆக்களுக்குக் காட்டினால்தான் மாய்மாலம். மாற்கு 12:30 இருதயத்தோட ஆத்துமா, மனம், பலம் எல்லாத்தையும் கேக்குது. இருதயம் வறண்ட நாளில பலத்தால எழும்பி இருக்கிறதும் அன்புதான். சொந்த வார்த்தை வராட்டி சங்கீதம் 42, 63 ரண்டையும் சத்தமா வாசியுங்கோ. 88-ஐயும் வாசியுங்கோ, அது இருளில்தான் முடியுது, அதுவும் தேவனுக்கு முன்னால சொன்ன ஜெபம்தான். நித்திரையும் சாப்பாடும் கெட்டு ரண்டு கிழமைக்கு மேல போனால் போதகரிட்டச் சொல்லுங்கோ, வைத்தியரையும் பாருங்கோ.